சும்மா என்று ஒரு கட்டம் இல்லை

படிவக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்க மாட்டாள். "படிவக்கா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், தெருமுனையில் பல் விளக்கிக்கொண்டிருப்பவர்கூட வாய் நிறைய நுரையோடு கையை நீட்டி வழி காட்டிவிடுவார். நகராட்சிக்கு எப்போதெல்லாம் எதையாவது எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறதோ, அப்போதெல்லாம் கூப்பிட்டு அனுப்பும் ஆள் அவள். கழிப்பறை எத்தனை, தடுப்பூசி போடாத குழந்தை எத்தனை, ஒழுகும் கூரை எத்தனை என்று பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறாள். எண்ணி முடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டால், அதிகாரிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்க்கத் தோன்றும்.

அவள் வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். கதவைத் தட்ட மாட்டாள். வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்பாள். கேள்வி கேட்க வந்தவள் என்றால் கதவு ஒரு சாண் திறக்கும், தாகம் என்றால் முழுசாகத் திறக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. மடியில் ஒரு அட்டை, அதன்மேல் படிவம். எழுதுவதை ஒருபோதும் மறைக்க மாட்டாள். படிவத்தை வீட்டுக்காரர் பக்கமாகத் திருப்பி வைத்து, தான் தலைகீழாக எழுதுவாள். பதினாறு வருஷப் பழக்கத்தில் அவளுடைய தலைகீழ் எழுத்து, நேராக எழுதும் நம்முடைய எழுத்தைவிடக் குண்டு குண்டாக, மணியாக இருக்கும்.

போன வருஷம் நகராட்சிக்கு வந்த ஆசை, இரண்டு தெருக்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. பழைய தெரு ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர் என்று ஒன்று உண்டாவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்களின் தெரு. புதுத் தெரு ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. ஆலையில் வேலை செய்ய வேறு நாட்டிலிருந்து வந்தவர்களின் தெரு. வந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது, பேரப்பிள்ளைகள் மீசை வைத்துவிட்டார்கள், இன்னும் அது புதுத் தெருதான். பேச்சில் இவர்களுக்கு 'வந்தவங்க' என்று பெயர், அவர்களுக்கு 'இருந்தவங்க'.

படிவக்கா இருந்தவங்க வீட்டில் பிறந்து வந்தவங்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்தின்போது இரண்டு தெருவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. கணவர் ஆலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர், ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். அந்தச் சாந்த குணம்தான் இரண்டு தெருவையும் மெல்ல மெல்ல இறக்கிக் கொண்டுவந்தது. அதனால் இந்தக் கணக்கெடுப்புக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். தப்பு நடந்ததே அந்த நினைப்பில்தான்.

மூன்று வாரத்தில் முந்நூற்றுப் பதினோரு வீடு. பழைய தெருவில் சொந்த இடம் இருந்தது, மூன்று நான்கு அறைகள் இருந்தன, அவற்றில் பாதிக்கு மேலே வானம் தெரிந்தது. புதுத் தெருவில் ஒரே அறையை அலமாரியால் மறித்து இரண்டாக்கியிருந்தார்கள். ஆனால் அந்த அறையில் குளிர்பதனப் பெட்டி இருந்தது, பிள்ளைகளின் சான்றிதழ்கள் கண்ணாடி போட்டுத் தொங்கின. பழைய தெருப் பிள்ளைகள் எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டார்கள். புதுத் தெருப் பிள்ளைகள் படித்துத் தள்ளினார்கள், ஆனால் எந்த விண்ணப்பத்திலும் 'பூர்வீகம்' என்ற இடத்தில் வந்து பேனாவைக் கடித்தார்கள்.

கடைசிக் கேள்வி, "வேலை இருக்கிறதா?" பழைய தெருவில் முக்கால்வாசிப் பேர் இல்லை என்றார்கள். புதுத் தெருவில் கேள்வி முடிவதற்குள் இருக்கு என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல்.

படிவங்களைக் கூட்டிப் பார்த்த அதிகாரிக்கு வாயெல்லாம் பல். கெட்டவர் இல்லை. புள்ளிவிவரம் படித்தவர், சாப்பிடும்போதும் சோற்றை நான்கு சம பாகமாகப் பிரித்துக்கொள்பவர். "பாத்தீங்களாம்மா? இருந்தவங்களுக்கு இடம் இருக்கு, வேலை இல்ல. வந்தவங்களுக்கு வேலை இருக்கு, இடம் இல்ல. அறிக்கைக்குத் தலைப்பே கிடைச்சிடுச்சு" என்றார். அப்படியே அடுத்த தாளைத் திருப்பினார். "அப்புறம், பழைய தெருவில இருக்கிற குழந்தைக் காப்பகத்தை மூடிடலாம். நூத்து எண்பது பொம்பளைங்கள்ல பதினாலு பேருக்குத்தான் வேலை இருக்கு. பாதிப் பேராவது வேலைக்குப் போனாத்தான் காப்பகம்னு விதி. மத்தவங்க வீட்ல சும்மாதான இருக்காங்க, பிள்ளைங்கள அவங்களே பாத்துக்கட்டும்."

படிவக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். அவளே எழுதிய எண்கள்தானே.

நேராகப் பழைய தெருவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணியின் இரண்டு வயதுப் பெண் அந்தக் காப்பகத்துக்குப் போகிறவள். வெளியே தெரிவதற்கு முன் தானே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முற்றத்தில் அண்ணி முழங்கால்வரை சேலையைச் செருகிக்கொண்டு, மாணவர் விடுதியின் படுக்கை விரிப்புகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் நாற்பது தொங்கின, தொட்டியில் அறுபது ஊறின.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "மூடிடுவாங்களா? அப்ப பாப்பாவ எங்க விடுறது? இந்தத் தொட்டிக்குப் பக்கத்துலயா? போன வருஷம் மூணாவது வீட்டுப் பிள்ளை தொட்டிக்குள்ள விழுந்தது ஞாபகம் இருக்கா? பிழைச்சது அது செஞ்ச புண்ணியம்."

"அண்ணி, உங்களுக்கு வேலை இல்லன்னு நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"

"ஆமா. எனக்கு ஏது வேலை? சும்மாதான இருக்கேன்."

"அப்ப இது?"

"எது?" அண்ணி திரும்பிக் கொடியைப் பார்த்தாள். "இதா? இது சும்மா, விடுதியில குடுக்கிறாங்க, துவைச்சுக் குடுக்கிறேன். இதெல்லாம் வேலையா?"

படிவக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியின் அடுத்த வார்த்தையில் அது நின்றுபோனது.

"என்ன சிரிக்கிறே? உனக்கு மட்டும் வேலையா இருக்கு? நீயும்தான் கூப்பிட்டப்ப போய் சும்மா எழுதிட்டு வர்றே."

பதினாறு வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் குத்தியதில்லை. அண்ணியும் குத்துவதாக நினைத்துச் சொல்லவில்லை. அந்தத் தெருவின் வழக்கத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு முன் ஆற்றங்கரை நிலத்தை எடுத்துக்கொண்டு ஆலை கட்டியபோது, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். முத்திரை குத்திய உத்தரவு பத்து வீட்டுக்கு வந்தது. மற்ற வீடுகள் இன்னும் காத்திருக்கின்றன. அன்றிலிருந்து அந்தத் தெருவில் வேலை என்றால், எங்கிருந்தாவது அப்படி முத்திரை குத்திய உத்தரவோடு வருவது ஒன்றுதான். விறகு பிளப்பது, கூரை வேய்வது, மீன் பிடிப்பது, பிணவறையில் ஐஸ் உடைப்பது எல்லாமே சும்மா. அந்தத் தெருவில் பிறந்த படிவக்காவுக்கும் வேலை என்றால் அதுதான். அதனால்தான் கூரைமேல் தார் பூசிக்கொண்டிருந்தவர் "வேலையா, இல்லம்மா" என்று மேலேயிருந்து கத்தியபோது, அண்ணாந்து பார்த்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதியிருக்கிறாள். வேற்றூர்க்காரி யாராவது போயிருந்தால், "அப்ப அங்க என்ன பண்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, கையால்.

மறுநாள் காலை அதிகாரி மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "சார், நான் எழுதினது தப்பு. கேள்வியே தப்பு. பழைய தெருவில நூத்து அம்பத்திரெண்டு வீட்டுக்கும் திரும்பப் போகணும்."

அதிகாரிக்குத் தலைப்பு கையைவிட்டுப் போகிற வருத்தம். ஆனாலும் கேட்டார். நன்றாகவே கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். "திங்கக்கிழமை அறிக்கை மேல போகணும். இன்னைக்கு புதன். கூலி இதுக்கு மேல தர முடியாது. இன்னொண்ணு, பழைய தெருவுக்கு மட்டும் திரும்பப் போனா, பொறந்த வீட்டுக்காக எழுதினான்னு உங்களைத்தான் சொல்வாங்க. ஒரே கேள்விய ரெண்டு தெருவிலயும் கேக்கணும். இல்லன்னா எதையும் மாத்த முடியாது."

"கேக்கிறேன் சார்" என்று வாய் சொல்லிவிட்டது. வெளியே படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. அவள் வீடு புதுத் தெருவில் அல்லவா இருக்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய மாமனார் ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தவர். ஆறு மாதத்துக்கு முன் அங்கே நான்கு கேமராவைப் பொருத்தி அவரை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை ஏழரைக்கு அவர் வழக்கம்போல நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பினார். மாலை ஆறரைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை என்று வீட்டில் இருப்பார். விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. படிவக்கா தினமும் டப்பாவைக் கட்டித் தருவாள். முதல் சுற்றில் சொந்த வீட்டுப் படிவத்தை யாரையும் கேட்காமல் அவளே நிரப்பினாள். 'மாமனார், காவலாளி.'

அது பொய் என்று சொல்லி முடித்துவிட முடியாது. புதுத் தெரு வந்த காலத்தில், வேலைச் சீட்டு இல்லாதவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நாக்கு, வேலை என்ற சொல் காதில் விழுந்ததுமே இருக்கு என்று சொல்லிவிடும். பழைய தெரு வீம்பில் இல்லை என்றது, புதுத் தெரு பயத்தில் இருக்கு என்றது. இரண்டையும் உண்மை என்று எழுதி வந்தவள் அவள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் பழைய தெரு. புதுக் கேள்வியை அவளே யோசித்து எழுதி எடுத்துப் போனாள். "நேத்துக் காலையில எழுந்ததுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" அதோடு ஒரு நிபந்தனை. "சும்மான்னு சொல்லக் கூடாது. சும்மான்னு எழுத இதுல கட்டம் இல்ல."

தெருவே திணறிப்போனது. தார் பூசுகிறவர் சொல்லச் சொல்ல, அவர் மனைவி வாசற்படியில் நின்று வாயைப் பிளந்தாள். "நீ இவ்வளவும் செய்யறியா? அப்ப ஏன் ராத்திரி கால் வலிக்குதுன்னா நான் நம்பல?" ஒரு அம்மாள் நான்கு வீட்டில் சமைத்து, இரண்டு கிழவிகளைக் குளிப்பாட்டி, மாலையில் பூங்காவைப் பெருக்குவதாகச் சொல்லி முடித்துவிட்டு, "இதையெல்லாம் சேர்த்து என்னன்னு எழுதுவே?" என்று சந்தேகமாகக் கேட்டாள். படிவக்கா மூன்று வேலை என்று எழுதினாள். அந்த அம்மாள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, எழுத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை புதுத் தெரு. முதல் வீட்டிலேயே முட்டுக்கட்டை. அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டு வெல்டர். அவரையும் ஆலை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. கதவை முழுசாகத் திறந்து, தண்ணீர் கொடுத்து, அவள் கேள்வியையும் கேட்டுக்கொண்டு சிரித்தார்.

"படிவக்கா, சுத்தி வளைக்காதீங்க. உங்க மாமனாருக்கு என்ன எழுதினீங்க?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவர்தான் இந்தத் தெருவுக்குப் பெரியவர். அவருக்கு என்ன எழுதுறீங்களோ அதையே எனக்கும் எழுதிடுங்க. தெருவில யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க."

அவர் சொன்னது சரிதான். சனிக்கிழமை மாலைவரை நடந்தாள், யாரும் வாயைத் திறக்கவில்லை. கதவுகள் எல்லாம் முழுசாகத் திறந்தன, தண்ணீர் மட்டும் வயிறு முட்டக் கிடைத்தது. புதுத் தெரு மாறாவிட்டால் பழைய தெருப் படிவங்கள் செல்லாது. அவை செல்லாவிட்டால் இருபத்தாறு குழந்தைகளின் காப்பகத்துக்குப் பூட்டு. எல்லாம் போய் நின்ற இடம், அவள் வீட்டு முன்னறையில் தொங்கிய ஒரு நீலச் சட்டை.

ஞாயிறு காலை. மாமனார் விடுமுறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். படிவக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்தாள். கணவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அடுக்களையிலிருந்து மாமியார், "பழசையே எழுதிக்கயேன்மா, யார் வந்து பாக்கப் போறா?" என்றாள்.

"யாரும் பாக்க மாட்டாங்க அத்தை." பழைய படிவத்தையும் புதுப் படிவத்தையும் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். காப்பகத்தைப் பற்றியும் வெல்டர் சொன்னதைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னாள். "மாமா, உங்களுக்கு விருப்பம் இல்லன்னா இதை இப்படியே விட்டுடறேன். உங்க மேல சத்தியமா எனக்கு வருத்தம் இருக்காது. ஆனா கேக்காம இருக்க முடியல. நேத்துக் காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?"

செய்தித்தாளை மடித்தார். மறுபடியும் மடித்தார். மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதானதும் கீழே வைத்தார்.

"ஏழரைக்குக் கிளம்பினேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் பஸ்ல போனேன். அந்தப் பக்கம் மூணு கிடங்கு இருக்கு. மூணுலயும் போய்க் கேட்டேன். வயசைக் கேட்டாங்க, சொன்னேன், போகச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு இருக்கும்மா, அங்க உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்புறம் ஆறு மணி ஆகணுமேன்னு நடந்தேன்." மடித்த தாளை ஓரமாகத் தள்ளினார். "நேத்து மட்டும் இல்ல. ஆறு மாசமா. எழுதும்மா. வேலை இல்ல, சும்மா இருக்கான்னு எழுது."

மாமியார் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெறுமனே ஓடியது.

படிவக்காவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனாலும் வழக்கம்போலத் தலைகீழாக, குண்டு குண்டாக எழுதினாள். "சும்மான்னு எழுத இதுல கட்டம் இல்ல மாமா. மூணு இடத்துல போய்க் கேட்டிருக்கீங்க. 'வேலை தேடுகிறார்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுலதான் நீங்க வருவீங்க."

அவர் குனிந்து பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இருக்கா?"

"முதல்லேர்ந்தே இருக்கு மாமா. யாருக்கும் வேண்டியிருக்கல."

அவர் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். தன் வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு பழைய படிவத்தை எடுத்து, எல்லோருக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகன், கடைசல்காரர். மனைவி, வீட்டுப் பொறுப்பு. விரல் நாலாவது வரியில் நின்றது.

"மருமகள், வேலை இல்லை." நிமிர்ந்தார். "இது யார் எழுதினது?"

"நான்தான் மாமா."

"பதினாறு வருஷமா ஊரையே எண்ணிட்டு வர்றே. செருப்பு தேயாத மாசம் கிடையாது." பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் அவளிடமே நீட்டினார். "சொல்லும்மா. நேத்துக் காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்சே?"

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கணவர்தான் தன் அன்றைய நாற்பது வார்த்தைகளையும் செலவழித்துச் சொன்னார். அஞ்சு மணிக்கு எழுந்தது, எல்லோருக்கும் டப்பா கட்டியது, வெயிலில் ஐம்பது வீடு நடந்தது, திரும்பி வந்து பாத்திரம் தேய்த்தது, தேய்த்த கையோடு படிவங்களை அடுக்கியது. ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். படிவக்கா தன் பெயருக்கு நேராக 'கணக்கெடுப்பாளர்' என்று எழுதினாள். அந்த ஒரு சொல் மட்டும் கோணலாக விழுந்தது.

மாமனார் சாதாரணச் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு, தானே வெல்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். பொழுது சாய்வதற்குள் புதுத் தெருவில் முப்பத்தேழு பேர் அந்தக் கட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அதிகாரி கூட்டிப் பார்த்தார். பழைய தெருவில் நூற்று எண்பது பெண்களில் நூற்று முப்பத்தொரு பேர் வேலை செய்கிறவர்கள். தலைப்பை அடித்தார். வேறு தலைப்பு ஏதும் தோன்றாமல், 'இரண்டு தெருக்கள்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காப்பகம் அண்ணியின் பெண்ணுக்கும் இன்னும் இருபத்தைந்து பேருக்கும் திறந்தே இருக்கிறது. படிவக்காவை வழக்கம்போல வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்புமுன், பழக்கதோஷத்தில் அவள் மாமனாரின் டப்பாவையும் கட்டி நீட்டியிருந்தாள். நீலச் சட்டை ஆணியிலேயே தொங்கியது. அவர் டப்பாவை வாங்கி, திறந்து பார்த்து, மூடி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம்மா. ரெண்டு இடம் கேட்டுட்டு மத்தியானம் வந்துடறேன். வீட்டிலயே சாப்பிடறேன்."

ஒரு மணிக்கு வந்தார். ஞாயிறு அல்லாத ஒரு நாளில் அவர் மத்தியானம் சுடச்சுடச் சாப்பிட்டது அன்றுதான்.